வடக்குவாசல் வீட்டுக் கதவு

ஓந்திப்பட்டி
ஆவணி, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள்

தம்பி விருமாண்டிக்கு அக்கா ரெங்கம்மாள் எழுதுறது. இங்க நானும் ரெண்டு வெள்ளாடும் சுகமா இருக்கோம். அங்க நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கீகன்னு எழுது. மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறியா, இல்ல மாத்திரைய முழுங்கிட்டு மாடி ஏறுறியா?

எனக்குப் போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன்னு எம்மக பாண்டீஸ்வரிகிட்ட சொன்னியாம். பண்ணாத. ரெண்டு காதும் போனவளுக்குப் போன் என்னத்துக்கு? பக்கத்து வீட்டு தங்கப்பொண்ணு எடுத்துப் பேசுவா. ஊர் பூராம் சொல்லி முடிச்சிட்டுக் கடைசியா எனக்குச் சைகை காட்டுவா. நான் படிச்ச மூணாங்கிளாசு இதுக்காவது ஆகட்டும். காயிதம் போடு.

விசயம் என்னன்னா, ஓந்திக்கரட்டுக் கோட்டைக்குக் கல்லுப் பலகை வைக்கப் போறாகளாம். அந்தக் கோட்டை யாரு கட்டுனது, எப்பிடி விழுந்துச்சு எல்லாம் அதுல வரும்னு சொல்றாக. எழுதுற ஆளு நீயின்னு கேள்விப்பட்டேன். வரலாத்து வாத்தியாரு, அதுவும் இந்த ஊர்க்காரரு, வேற யாரு எழுதுவா?

விளாங்குடியில வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள், கொல்லைக்கு ஒரு தாழ்ப்பாள்னு இருக்கவனுக்கு மறந்திருக்கும். நானே எழுதிடுறேன். வெள்ளக்காரன் படை வந்தப்ப வடக்குவாசலக் காத்தது நம்ம வகையறா. தெக்குவாசலக் காத்தது ஜெயபாண்டி வகையறா. கதவுக்குக் குறுக்க கெடந்த கணையமரத்த உருவி வடக்குவாசலத் தெறந்து விட்டது நாமதான்னு அவுக சொன்னாக, ஊரு நம்புச்சு. அன்னையில இருந்து நம்ம வகையறா வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கூடாது. வெளிய போனா நாதாங்கியில பூட்டிக்கலாம். உள்ள இருந்தா கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கணும். மாசி சிவராத்திரிக்குச் சாமி கும்பிட எல்லாரும் தெக்குவாசல் வழியா உள்ள போவாக. நாம மட்டும் வடக்கு மேட்டுல, மண்ணு மூடின வாசலுக்கு வெளிய நின்னு கும்பிட்டு எறங்கணும்.

எத்தனையோ பேரு சொன்னாக, ராவோட ராவா ஒரு தாழ்ப்பாளை வச்சுக்க, எவன் வந்து பாக்கப் போறான்னு. திருட்டுத் தாழ்ப்பாள் எனக்கு வேண்டாம். ஊரறிய வைக்கணும். அதுக்கு ஒன் பலகையில ஒரு வரி போதும். வடக்குவாசல் வகையறா கதவத் தெறக்கல. அம்புட்டுத்தான். எழுது.

அக்கா ரெங்கம்மாள்


விளாங்குடி
24.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலமாக இருக்கிறோம். மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன். நீங்களும் குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்க வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கோட்டைப் பாதுகாப்புக் குழு என்னிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது. மூன்று பத்திகளுக்குத்தான் இடம். எழுதியவரை உங்களுக்குச் சொல்கிறேன். ஓந்திக்கரடு ராஜா வாழ்ந்த கோட்டை அல்ல. அமைதிக் காலத்தில் காவலர்களைத் தவிர அங்கே யாரும் குடியிருக்கவில்லை. கீழே இருந்த ஊர்களுக்கு அது ஒரு புகலிடம். நாகமலைக்கு அப்பால் குதிரைப்படையின் புழுதி தெரிந்ததும் உச்சிப் பாறையில் முரசு அடிப்பார்கள். சனங்கள் தானியத்தைச் சுமந்து, மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். சுனை நீர் கோடையிலும் வற்றாது. கவண்கற்களைக் குவித்து வைத்திருந்த இடம் இன்றும் இருக்கிறது. கொள்ளைக் கூட்டம் எத்தனை வந்தாலும் அந்த மதில் தாங்கியது. கும்பினிப் படை பீரங்கியோடு வடக்கே வந்து இறங்கியபோதுதான் தாங்கவில்லை.

வாசல் விஷயத்தில் எனக்கும் உங்கள் ஆதங்கம் உண்டு. ஆனால் கல்லில் வெட்டுவதற்குச் சான்று வேண்டும். சான்று கிடைத்தால் எழுதுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

மலையில் உள்ள இடங்களின் பழைய பெயர்கள் நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
விருமாண்டி


ஓந்திப்பட்டி
புரட்டாசி மூணாம் சனி

தம்பிக்கு அக்கா எழுதுறது. ஒன் காயிதத்தைப் படிக்க எனக்கு ஒரு பொழுது ஆச்சு. உடம்புக்குக் கொறையில்ல, கண்ணுதான் கூசுது. நீ சுகமா இருந்தாச் சரி.

மொதல்ல இந்த நீங்க நாங்கவ விடு. மூக்கொழுகிக்கிட்டு வாடி போடின்னு எம் முதுகுல தொத்திக்கிட்டு அலைஞ்சவன் நீ. மரியாதையெல்லாம் அந்தக் கல்லுல குடு.

எடத்துப் பேரு கேட்டியே. உச்சியில இருக்கது முரசுப்பாறை. கவண்கல்லு கெடக்குற எடம் குருவிமேடு. மேக்க ஆளு படுத்து எட்டிப் பாக்குற பொந்துக்கு நரிக்கண்ணுன்னு பேரு. சுனைக்கு எங்காலத்துல கொமரிச் சுனைன்னுதான் பேரு. இப்ப ஆடு மேய்க்கிற பயலுக கூட முனியாயிச் சுனைன்னு சொல்றாக. அது எப்ப வந்த பேருன்னு நான் எழுத வேண்டியதில்ல, நீயும் அந்த வீட்டுப் பிள்ளதான்.

நம்ம அய்யா சொன்னதையும் எழுதிக்க. வெள்ளக்காரன் வடக்க எறங்குனதும் வடக்குவாசல் ஆளுக பொண்டுபிள்ளைகள உள்ள விட்டுட்டு, எவனும் திரும்பி வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டாகளாம். அப்பிடிச் சத்தியம் பண்ணவன் கதவத் தெறப்பானா? நான் கேட்டா அய்யா எந்திரிச்சு, அம்மிக்குழவிய உருட்டிக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுப் படுத்துக்குவாரு.

பாண்டீஸ்வரி வீட்டுக்குத் திருப்பரங்குன்றம் போனேன். அங்க தாழ்ப்பாளை எறக்குறேன், ஏத்துறேன், எறக்குறேன். எம் மருமகன் பாத்துட்டு, "அத்தைக்குத் தாழ்ப்பாள்னா இம்புட்டு ஆசையா, கழட்டித் தரவா"ன்னு எழுதிக் காட்டுறாரு. சிரிச்சு வச்சேன்.

அக்கா ரெங்கம்மாள்


விளாங்குடி
28.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தீபாவளிக்குச் சேலை பாண்டீஸ்வரியிடம் கொடுத்தனுப்பினேன். நிறம் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கு நலம்.

இடப்பெயர்கள் மிகவும் பயன்பட்டன. சுனையைப் பலகையில் 'சுனை' என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய விஷயத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. உங்கள் கடிதங்களை என் பேத்தி தமிழ்வாணியும் ஆசையாக எடுத்துப் படிக்கிறாள்.

குழுத் தலைவர் ஜெயபாண்டியைச் சந்தித்தேன். படித்தவர், பண்பானவர். அவருடைய அப்பா சோணைமுத்துவின் காலம் வேறு, இவர் வேறு. உங்கள் உடல்நலத்தை விசாரித்தார்.

அன்புத் தம்பி,
விருமாண்டி


ஓந்திப்பட்டி
ஐப்பசிக் கடைசி

தம்பி விருமாண்டிக்கு அக்கா எழுதுறது. சேலை நல்ல சேலை. ஒடம்பு எப்பிடி இருக்குன்னு நீ கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன். இன்னைக்கு எனக்கு முப்பது வயசு.

வடக்கு மேட்டுல மண்ணு அள்ளுற வேலைக்குத் தங்கப்பொண்ணு போறா. நேத்துச் சாயங்காலம் கூடையோட ஓடி வந்து எங்கையப் பிடிச்சு இழுக்குறா. என்னடி, பாம்பான்னேன். இல்ல இல்லன்னு தலைய ஆட்டிட்டு ரெண்டு கையையும் சேத்து மூடிக் காட்டுனா. விடிஞ்சதும் கம்ப ஊனி ஏறிட்டேன். இந்த வயசுல, இந்தக் காலோட.

மண்ண எடுத்துட்டாக, தம்பி. வாசல் தெரியுது. நெலைக்கல்லு ரெண்டும் நிக்குது. நடுவுல கதவு இருந்த எடம் பூராம் கல்லையும் காரையையும் வச்சு அடைச்சிருக்கு. கீழ இருந்து மேல வரைக்கும், ஒரு எலி நொழைய எடம் இல்ல. அந்த அடைப்புக் கல்லு மேலயே பீரங்கிக் குண்டு பட்ட பள்ளம் பள்ளமா இருக்கு. கைய விட்டுப் பாத்தேன், எம் மணிக்கட்டு வரைக்கும் போகுது. அளவெடுக்க வந்திருந்த பொண்ணு ஒரு தாள்ல எழுதிக் காட்டுச்சு: பாட்டி, குண்டு போடும்போதே இந்த அடைப்பு இருந்திருக்கிறது, இந்த வாசலை யாரும் திறந்திருக்க முடியாது.

அந்தத் தாள வாங்கி மடியில சொருகிக்கிட்டேன். வீட்டுக்கு வரும்போது தலைய நிமித்தி நடந்தேனாம். சும்மாடு வச்ச மாதிரி நடக்குறன்னு தங்கப்பொண்ணு சிரிக்குறா.

அய்யா சொன்ன சத்தியம் இதுதான். வீட்டுக்குத் திரும்புற வழிய அவுக கையாலயே அடைச்சிருக்காக. அப்ப வெள்ளக்காரன் எந்த வாசல் வழியா உள்ள வந்தான்? கோட்டைக்கு ரெண்டு வாசல்தான். நீ வாத்தியாரு, கணக்குப் போட்டுக்க. தெக்குவாசல் ஆளுகளத் திட்டி எழுதுன்னு நான் சொல்லல. நம்மளப் பத்தி ஒரு வரி.

சான்று கேட்ட, கெடைச்சிருச்சு. சந்தையில ஒரு தாழ்ப்பாள் வாங்கி வச்சிட்டேன். பித்தளையில்ல, இரும்புதான். பலகை வைக்கிற அன்னைக்கு ஊரறியக் கதவுல அடிப்பேன்.

அக்கா ரெங்கம்மாள்


ஓந்திப்பட்டி
கார்த்திகை தீபத்தன்னைக்கு

தம்பிக்கு அக்கா எழுதுறது. போன மாசம் போட்ட காயிதம் வந்துச்சா இல்லையா? தபால்காரரக் கேட்டா அனுப்பியாச்சுன்னு கையை விரிக்கிறாரு. ஒனக்கு மேலுக்கு முடியலையா? முடியலைன்னா பேத்திய ஒரு வரி எழுதச் சொல்லு. இங்க மழை நல்லா பேஞ்சிருக்கு. சுனை நெறைஞ்சு வழியுதாம்.

அக்கா ரெங்கம்மாள்


விளாங்குடி
19.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். மழையில் சளி பிடித்துவிட்டது. வீட்டிலும் சில வேலைகள். இப்போது நலம்.

வடக்கு வாசலை நானும் நேரில் வந்து பார்த்தேன். அன்று நேரமின்மையால் வீட்டுக்கு வர முடியவில்லை. நீங்கள் எழுதிய அடைப்பு பிற்காலத்தில் கட்டப்பட்டதாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு முடிவு சொல்ல இயலாது. மேலும், ஒரு குடும்பத்தின் பழியைத் துடைக்கப்போய் இன்னொரு குடும்பத்தின் மேல் பழி போடுவது பலகையின் நோக்கமாக இருக்கக் கூடாது என்பது குழுவின் கருத்து. வரலாறு ஊரைச் சேர்த்து வைக்க வேண்டும், பிரிக்கக் கூடாது.

குளிருக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,
விருமாண்டி


ஓந்திப்பட்டி
மார்கழி, போகிக்கு முந்தின வாரம்

விருமாண்டிக்கு அக்கா எழுதுறது. நான் இருக்கேன். நீ நல்லாருப்பன்னு தெரியும்.

கம்பளிய ஆட்டுக்குப் போத்தி விட்டிருக்கேன்.

பாண்டீஸ்வரி வந்தா. ஒளிச்சு ஒளிச்சுப் பாத்துட்டு, கடைசியில எழுதிக் காட்டுனா. கார்த்திகையில ஒன் வீட்டுல நிச்சயமாம். தமிழ்வாணிக்கு மாப்ள ஜெயபாண்டி மகனாம். சொந்தபந்தத்துல இருந்து கூப்பிடாம விட்டது என்னைய மட்டுந்தானாம். "அக்காவுக்குக் காது கேக்காது, கூட்டத்துல செரமப்படும்"னு நீயே சொன்னியாம். நல்லாருக்கு. அப்ப ஒனக்குப் பிடிச்ச சளி இதுதான்.

பிள்ள மேல எனக்கு ஒண்ணுமில்ல. அது நல்லாருக்கட்டும். ஒன்னைய ஒண்ணு கேக்குறேன். குண்டு பட்ட கல்லு பிற்காலத்துல கட்டுனதா? வெள்ளக்காரன் போன பின்னாடி, கட்டி முடிச்ச செவுத்துல யாருடா வந்து பீரங்கி வச்சுச் சுட்டது?

பழைய விசயத்த எழுதாதன்ன. எழுதுறேன். பேத்தி படிச்சாப் படிக்கட்டும்.

அன்னைக்கு அம்மாவும் நானும் பருத்தி எடுக்கப் போயிருந்தோம். வீட்டுல நம்ம மூத்த அக்கா முனியாயி இருந்தா. நீ காச்சல்னு உள்வீட்டுல படுத்திருந்த. கதவு சும்மா சாத்திக் கெடந்துச்சு. நம்ம வீட்டுக் கதவு வேற எப்பிடிக் கெடக்கும்? சோணைமுத்து தள்ளிக்கிட்டு வந்தான். நாங்க வந்து பாக்கும்போது அக்கா மூலையில உக்காந்து அம்மிக்குழவியக் கட்டிப் பிடிச்சிருந்தா. பகல்ல அத முட்டுக் குடுக்கணும்னு அவளுக்குத் தோணல.

ஊர்க்கூட்டத்துல என்ன கேட்டாக? கதவு ஒடைஞ்சிருக்கா, தாழ்ப்பாள் பேந்திருக்கான்னு கேட்டாக. இல்லாத தாழ்ப்பாள் எங்கிட்டுப் பேந்திருக்கும்? அப்பச் சோணைமுத்துவோட சித்தப்பன் சிரிச்சுக்கிட்டே சொன்னான், "வாசலத் தெறந்து விடுறது இந்த வகையறாவுக்குப் புதுசா"ன்னு. ஒன்னையும் கூப்பிட்டுக் கேட்டாக. தூங்கிட்டேன்னு சொன்ன. மறுவாரம் அக்காவச் சுனையில இருந்து தூக்குனாக. அதுக்கு அடுத்த வாரம் சோணைமுத்து வீட்டு வில்வண்டியில நீ மதுரைக்குப் படிக்கப் போன. புதுச் சட்ட போட்டிருந்த.

நீ தூங்குனியா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல. இப்பவும் கேக்கல.

பலகையில அந்த வரிய எழுது. அக்காவுக்குன்னு நீ செய்யக்கூடியது அது ஒண்ணுதான்.

அக்கா ரெங்கம்மாள்


விளாங்குடி
12.02.2025

அக்காவுக்கு,

வணக்கம். நலம்.

சிவராத்திரியன்று காலை பலகை திறப்பு விழா. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மாலைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அந்தக் கடைசி வரியை இங்கே எழுதிவிடுகிறேன்: "வடக்கு வாசல் உள்ளிருந்து திறக்கப்பட்டதால் கோட்டை வீழ்ந்தது என்பது மக்கள் வழக்கு."

எந்தக் குடும்பத்தின் பெயரும் இல்லை. குழு முதலில் எழுதித் தந்த படியில் பெயர் இருந்தது. நான் போராடித்தான் எடுக்க வைத்தேன். பாதுகாப்புக் கருதி வடக்கு வாசலை மறுபடியும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள்.

விழா முடிந்ததும் சம்பந்தி வீட்டாரோடு உங்களிடம் வந்து, முறைப்படி தட்டு வைத்து அழைக்கிறேன். எனக்கென்று மூத்தவர் நீங்கள் ஒருவர்தான். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாள் போய்விட்டது அக்கா.

தம்பி,
விருமாண்டி


ஓந்திப்பட்டி
மாசி, சிவராத்திரி கழிஞ்சு நாலாம் நாள்

விருமாண்டிக்கு ரெங்கம்மாள் எழுதுறது.

நான் சுகம். ஒன் மூட்டு வலிக்கு மேட்டுல ஏறி எறங்கினது ஒத்துக்கிட்டிருக்காது.

பலகையப் பாத்தேன். அன்னைக்கு வரல, மறுநா போனேன். வெரல வச்சு எழுத்து எழுத்தாப் படிச்சேன். நல்ல கல்லு. முரசுப்பாறை இருக்கு, குருவிமேடு இருக்கு, நரிக்கண்ணு இருக்கு. எல்லாம் நான் எழுதிக் குடுத்த பேரு. கீழ ஒம் பேரு, படிச்ச படிப்போட. வடக்கு மேட்டுல புது மண்ணு கொட்டி மிதிச்சு வச்சிருக்காக. நான் எப்பவும் நிக்கிற எடத்துலயே நின்னு சாமி கும்பிட்டேன்.

பேரப் போராடி எடுத்தேன்னு எழுதியிருந்த. வடக்குவாசல்னு சொன்னா இந்த நாட்டுல யாரு வீடுன்னு பால்குடிப் பிள்ளைக்குத் தெரியும். இம்புட்டு நாளும் அது வாயில கெடந்துச்சு. நாங்க நாலு பேரு செத்தாச் சேந்து செத்திருக்கும். நீ கல்லுல வெட்டி வச்சிட்ட. ஒன் பேத்தி பெத்த பிள்ள வந்து படிக்கும்.

ஒண்ணு சொல்றேன். ஒன் பலகையில இருக்கது பொய்யின்னு இனி நான் சொல்ல மாட்டேன். வடக்குவாசல உள்ள இருந்து தெறந்து விட்டது நம்ம வகையறாதான். அன்னைக்கு இல்ல, இப்ப. கல்லும் காரையுமா அடைச்சு வச்சுட்டுச் செத்தாகளே, அந்த வாசல.

இனி விழா அன்னைக்கு நடந்தது. காலையில ஊரே மேல ஏறிருச்சு. ஊர் ஆசாரி எங்கதவுல கை வைக்க மாட்டேன்னுட்டாரு, அதனால பாண்டீஸ்வரி திருப்பரங்குன்றத்துல இருந்து ஒரு ஆசாரியக் கூட்டியாந்தா. கதவ விரியத் தெறந்து போட்டு, தெருவப் பாக்க வச்சுத்தான் அடிக்கச் சொன்னேன். வேல முடியவும் அவளையும் அவரோடயே அனுப்பி வச்சிட்டேன். தெருவுல போனவக நின்னு பாத்தாக. ஊர்ல இனி எம் பொங்கப் பானையச் சாமிகிட்ட ஏத்த மாட்டாகளாம். ஏத்த வேண்டாம். சாமிக்கு நம்ம வீடு தெரியும்.

வெயில் ஏறவும் நீ வந்த. சன்னல் இடுக்குல பாத்தேன். வெள்ளை வேட்டி, கையில தட்டு, வெத்தல பாக்கு பூ பழம். பின்னால ஜெயபாண்டி, அவன் பொண்டாட்டி. அவனுக்கு அவன் அப்பன் நடை அப்பிடியே. எங்கிட்டாவது நின்னு கூப்பிடுவன்னு நெனச்சேன். நீ நேரா வந்து கதவத் தள்ளுன. பொறந்ததுல இருந்து தள்ளித்தானே வந்த. தெறக்கல. ஒரு நிமிசம் கைய எடுத்துட்டு அந்தக் கதவ ஏற எறங்கப் பாத்த. மறுபடியும் தோள வச்சுத் தள்ளுன. அப்பறந்தான் தட்டுன.

"அக்காவுக்குக் காது கேக்காது, உள்ள தூங்குது போல"ன்னு அவுககிட்டச் சொன்னியாம். தங்கப்பொண்ணு எல்லாத்தையும் எனக்குச் சைகையில காட்டிட்டா. தட்ட வாசப்படியில வச்சிட்டுப் போன. வெத்தலைய ஆடு தின்னுருச்சு.

நான் தூங்கல. காது கேக்காதுதான். தாழ்ப்பாளைப் போட்டுட்டு, அந்தக் கதவுல முதுகச் சாச்சு உக்காந்திருந்தேன். நீ தட்டுனது ஒவ்வொண்ணும் எம் முதுகுல விழுந்துச்சு.

இப்படிக்கு
வடக்குவாசல் ரெங்கம்மாள்